நினைவில் நின்ற சொற்கள்: மனச்சிதைவு நோயில் அறிதிறனும் ஆண்–பெண் வேறுபாடும் பற்றிய ஆய்வு வரலாறு

சோதனை நடத்துபவர் பன்னிரண்டு சொற்களை நிதானமாக வாசிக்கிறார். எதிரே இருப்பவர் நினைவில் நின்றவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும், வரிசை முக்கியமில்லை. அதே பட்டியல் மூன்று முறை வாசிக்கப்படுகிறது. நலமாக இருப்பவர்களுக்கு ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். மனச்சிதைவு நோய் வந்த பலருக்கு அது அவ்வளவாக ஏறுவதில்லை. மாயக்குரல் அடங்கி, சந்தேகம் தணிந்து, வீட்டார் ‘இப்போது பரவாயில்லை’ என்று மூச்சுவிடும் நாட்களிலும் இந்தத் தடை பலரிடம் நீடிக்கிறது. வால்டர் ஹைன்ரிக்ஸும் கான்ஸ்டன்டின் ஜக்ஸானிஸும் 1998இல் 204 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நோயாளருக்கும் நலமுள்ளோருக்கும் மிகப் பெரிய இடைவெளி தென்பட்டது இந்த வாய்மொழி நினைவில்தான்.

இந்த இடைவெளி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவினதா? கேட்பதற்கு எளிய கேள்வி. மனச்சிதைவு நோய் மருத்துவப் பெயர் பெற்று நூறாண்டுக்கு மேலாகியும், இந்தக் கேள்வி முறையாகக் கேட்கப்பட்டது கடந்த நாற்பது ஆண்டுகளில்தான். கேட்கப்பட்ட பிறகும் விடைகள் ஒன்றோடொன்று மோதின. அந்த மோதல் ஏன் நேர்ந்தது, அதிலிருந்து எதை நம்பலாம் என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்க்க இக்கட்டுரை முயல்கிறது. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இங்கே எடுத்துக்கொள்ளப்படும் ஆய்வுகள் அனைத்தும் ஆண், பெண் என்ற இருபகுப்பிலேயே நடந்தவை. உடல் சார்ந்த ‘பால்’, சமூகம் தரும் ‘பாலினம்’ இரண்டையும் அவை பிரித்துப் பார்க்கவுமில்லை.

பெயரோடு பிறந்த பார்வை

ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பலின் 1890களில் தம் பாடநூலின் அடுத்தடுத்த பதிப்புகளில் இந்நோயை வரையறுத்தார். அவர் வைத்த பெயரின் பொருள் ‘இளமையிலேயே வரும் அறிவழிவு’. அந்தப் பெயரிலேயே இரண்டு கருத்துகள் அடங்கியிருந்தன: நோய் இளம் வயதில் வரும், அறிவாற்றலைத் தின்னும். லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட்டின் ஆய்வுக்கூடத்தில் சோதனை உளவியல் பயின்றவர் கிரெப்பலின். அதனால் கவனம் சிதறுவதையும் மன உழைப்பு தளர்வதையும் நோயின் மையமாக அவரால் பார்க்க முடிந்தது. ஆனால் அவர் மனத்தில் இருந்த நோயாளி பெரும்பாலும் ஓர் இளைஞன். முப்பதைக் கடந்து நோயுறும் பெண் அந்த ‘இளமை’க்குள் எளிதில் அடங்கவில்லை.

சூரிச்சின் பர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனையில் இருந்த யூஜின் புளூலர் 1908இல் பெர்லினில் ஆற்றிய உரையில் புதிய பெயரை முன்வைத்தார். 1911இல் அது நூலானது. மனம் பிளவுபடுதல் என்று பொருள் தரும் அந்தப் பெயரே உலகெங்கும் நிலைத்தது. நாம் வழங்கும் ‘மனச்சிதைவு’ என்ற சொல்லும் அதன் வழிவந்ததே. எண்ணங்களின் கோவை அறுபடுவதே மூல நோய் என்றார் புளூலர். நினைவும் புலனறிவும் அடிப்படையில் கெடுவதில்லை என்றும் கருதினார். எல்லோருக்கும் கதி அழிவுதான் என்ற கிரெப்பலினின் இருண்ட முடிவிலிருந்து நோயாளரை மீட்டது புளூலரின் பெரிய கொடை. அதே கொடை ஒரு கதவையும் அடைத்தது. 1930களின் இறுதியில் குர்ட் ஷ்னைடர் மாயக்குரல்களையும் எண்ணம் களவுபோவது போன்ற அனுபவங்களையும் முதன்மை அறிகுறிகளாக நிறுத்தினார். அதன்பின் மருத்துவர் நோயாளியிடம் முதலில் கேட்டது “குரல் கேட்கிறதா?” என்பதைத்தான். “சொன்னது நினைவில் நிற்கிறதா?” என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

அறிதிறனைப் பற்றிய அக்கறையை அந்த இடைக்காலத்தில் விடாமல் காத்தவர்களில் அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஷாகோ முக்கியமானவர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் அரசு மருத்துவமனையில், விளக்கு எரிந்ததும் விரலை எடுக்கச் சொல்வது போன்ற எளிய எதிர்வினைச் சோதனைகளை அவர் ஆண்டுக்கணக்கில் நடத்தினார். அடுத்து வரப்போவதற்கு மனத்தை ஆயத்தமாக வைத்திருப்பது நோயாளருக்குக் கடினமாகிறது என்பது அவரது முடிவு.

1952இல் பாரிஸில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் குளோர்புரோமசினைப் பயன்படுத்திக் காட்டினார்கள். மாயக்குரல்கள் அடங்கின, பலர் வீடு திரும்பினார்கள். திரும்பியவர்களில் எத்தனையோ பேரால் பழைய வேலையைத் தொடர முடியவில்லை. குரல்கள் போன பிறகும் எஞ்சி நிற்பது எது என்ற கேள்வி, மருந்து கிடைத்ததால்தான் கூர்மையானது என்பேன். 1976இல் இலண்டன் அருகே நார்த்விக் பார்க்கில் ஈவ் ஜான்ஸ்டோன், டிமதி குரோ குழுவினர் சி.டி. ஸ்கேன் மூலம் நாட்பட்ட நோயாளரின் மூளை அறைகள் விரிந்திருப்பதைக் கண்டார்கள். அந்த விரிவு அறிதிறன் குறைவோடு சேர்ந்து வந்தது. பத்தாண்டு கழித்து, டேனியல் வைன்பெர்கர் குழு சீட்டுகளை மாறும் விதிப்படி வகைபிரிக்கும் விஸ்கான்சின் சோதனையை நோயாளருக்குக் கொடுத்து, அவர்களது மூளையின் முன்பகுதியில் இரத்த ஓட்டம் எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை என்று காட்டியது. கிரெப்பலினின் பழைய கவலை புதிய கருவிகளோடு திரும்பி வந்தது.

ஆண்களை வைத்து எழுதப்பட்ட அறிவு

அந்தச் சோதனைகளில் உட்கார்ந்தவர்கள் யார்? 1977இல் ஓட்டோ வால் வெளியிட்ட சிறிய கட்டுரை இதைத்தான் கேட்டது. மனச்சிதைவு ஆய்வுகளை அவர் எடுத்துப் பார்த்தபோது பாலினச் சாய்வு வெளிப்பட்டது. 1992இல் ஜில் ஹன்டருடன் சேர்ந்து மறுபடி பார்த்தபோதும் ஆண்களே மிகுதி. இருபாலரும் இருந்த ஆய்வுகளிலும் முடிவுகளைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் வேரூன்றியிருக்கவில்லை.

காரணங்கள் மறைவானவை அல்ல. அமெரிக்காவில் ஆய்வுக்கு எளிதாகக் கிடைத்தவர்கள் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இருந்தவர்கள். அவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஆண்கள். நோய் வருவதற்கு முன்பே அறிதிறன் குறைந்திருக்கிறதா என்பதைச் சொன்ன பெரிய தரவுகளில் ஒன்று, 1969–70இல் சுவீடனில் கட்டாயப் படைச்சேர்க்கைக்கு வந்த சுமார் 50,000 இளைஞர்களின் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண்கள். இஸ்ரேலின் படைச்சேர்க்கைப் பதிவுகளை வைத்து 1999இல் வந்த ஆய்வும் ஆண் பிள்ளைகளைப் பற்றியதே. இவை சிறந்த ஆய்வுகள். இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆனால் ‘மனச்சிதைவு நோயாளிகள்’ என்று அவற்றிலிருந்து பொதுவாக எழுதப்படும் ஒவ்வொரு வாக்கியமும் உண்மையில் ‘ஆண் நோயாளிகள்’ என்றே எழுதப்பட வேண்டும்.

மருந்துச் சோதனையிலும் இதே நிலைதான். கருத்தரிக்கும் வயதுள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கி வைக்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1977இல் வழிகாட்டியது. பிறக்கப்போகும் குழந்தைகளைக் காக்கும் நல்ல நோக்கம்தான். அந்த விலக்கு நீங்கியது 1993இல். அதன் பின்னரும் வழக்கம் உடனே மாறிவிடவில்லை: 2005இல் முடிவு வெளியான, 1,493 நோயாளர் பங்கேற்ற புகழ்பெற்ற ‘கேட்டி’ மருந்து ஒப்பீட்டில் 74 சதவீதம் பேர் ஆண்கள்.

நோய்வரையறையும் தன் பங்குக்குப் பெண்களை வெளியே நிறுத்தியது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட மூன்றாம் பதிப்புக் கையேடு, 45 வயதுக்குள் நோய் தொடங்கியிருந்தால்தான் அதை மனச்சிதைவு என்று ஏற்றது. புளூலரின் மகன் மான்ஃப்ரெட் புளூலர் 1943இலேயே, நாற்பதைக் கடந்து தொடங்கும் நோயைப் பற்றி எழுதி, அது பெண்களிடம் மிகுதி என்றும் சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் அந்த வயது வரம்பு 1987 வரை நீடித்தது. அந்த ஏழு ஆண்டுகளில் அமெரிக்க வரையறைப்படி ஆய்வுக்கு ஆள் சேர்த்தவர்கள், தாமதமாக நோயுற்ற பெண்களைத் தம்மையறியாமலே கழித்துவிட்டுத்தான் எண்ணத் தொடங்கினார்கள்.

காலமா, வகையா?

1981இல் ரிச்சர்ட் லெவின் இந்தத் துறைக்கு ஒரு தெளிவான கேள்வியை வகுத்துக் கொடுத்தார். ஆண்களுக்கு நோய் முன்னதாகவும் கடுமையாகவும் வருகிறது. பெண்களுக்குத் தாமதமாக வருகிறது. இது ஒரே நோய் வெவ்வேறு காலத்தில் வருவதா? அல்லது இருபாலரும் வெவ்வேறு வகை நோய்க்கு ஆளாகிறார்களா?

ஏறத்தாழ அதே காலத்தில் கனடாவின் டொரோன்டோவில் மேரி சீமன் தம் சிகிச்சை அனுபவத்திலிருந்து எழுதத் தொடங்கினார். நோய் தொடங்கும் வயது, மருந்தின் அளவு, திருமண வாழ்வு, மாதவிடாய் நிற்கும் காலம் என்று பெண் நோயாளியின் வாழ்க்கை முழுவதும் அவர் கட்டுரைகளில் இடம்பெற்றது. இந்த வரலாற்றில் எனக்கு மிகுந்த மரியாதை அவரிடம்தான். மற்றவர்கள் பெண்களை ஆணோடு ஒப்பிடும் ஒரு நெடுவரிசையாகப் பார்த்த நாளில், அவர் பெண் நோயாளியைத் தனி ஆளாக அருகில் இருந்து பார்த்தார்.

ஜெர்மனியின் மன்ஹைமில் ஹைன்ஸ் ஹாஃப்னரின் குழு 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வு கேள்விக்கு உறுதியான தளம் தந்தது. முதல்முறை நோயுற்ற 232 பேரிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும், முதல் மாற்றம் எப்போது தென்பட்டது என்பதை விரிவாகக் கேட்டறிந்தார்கள். பெண்களுக்கு நோய் மூன்று நான்கு ஆண்டுகள் தாமதமாகத் தொடங்குவது தெரிந்தது. நாற்பதுகளின் பிற்பகுதியில், மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டி, பெண்களுக்கு மட்டும் இரண்டாவது எழுச்சி ஒன்றும் தெரிந்தது.

இந்த மூன்று நான்கு ஆண்டுகள் அறிதிறனுக்கு மிகப் பெரிய வேறுபாடு. பத்தொன்பது வயதில் நோயுறும் இளைஞன் கல்லூரியைப் பாதியில் விடுகிறான். இருபத்துமூன்றில் நோயுறும் பெண் படிப்பை முடித்திருக்கலாம், வேலையில் சேர்ந்திருக்கலாம். பின்னாளில் இருவரையும் சோதிக்கும்போது கிடைக்கும் மதிப்பெண் வேறுபாட்டில் நோயின் பங்கு எவ்வளவு, முடிந்த படிப்பின் பங்கு எவ்வளவு?

மோதிய முடிவுகள்

1990களின் நடுவில் அமெரிக்க மனநல மருத்துவ இதழ் ஒன்றிலேயே நான்கு முக்கியக் கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. 1995இல் டெர்ரி கோல்ட்பெர்க் குழு, அறிதிறன் சோதனைகளில் ஆண்–பெண் வேறுபாடு இல்லை என்றது. 1996இல் லெவின் குழு, சில சோதனைகளில் பெண்களே பின்தங்கியிருப்பதாகக் கண்டது. 1998இல் ஜில் கோல்ட்ஸ்டீன் குழு, கவனம், வாய்மொழி நினைவு, திட்டமிட்டுச் செயல்படும் திறன் ஆகியவற்றில் ஆண்களே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. அதே ஆண்டு ஆன் ஹாஃப் குழு, முதல்முறை நோயுற்றோரிலும் நாட்பட்டவர்களிலும் நோய் இருபாலரையும் வெவ்வேறு அளவில் தாக்குவதாகத் தெரியவில்லை என்றது. இடையே 1997இல் ஜெர்மனியில் மார்கோட் ஆல்பஸ் குழுவும் முதல்முறை நோயுற்றோரிடம் வேறுபாடு காணவில்லை.

ஒருவர் இல்லை என்கிறார். ஒருவர் பெண் என்கிறார். மற்றவர் ஆண் என்கிறார். இவர்களில் எவரும் அலட்சியமாக வேலை செய்தவர்கள் அல்லர். முரண்பாட்டுக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. எனக்கு இரண்டுமே ஏற்புடையவை.

முதலாவது, எங்கிருந்து ஆள் எடுத்தார்கள் என்பது. நோயுற்ற பெண்ணை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது பல சமூகங்களில் வழக்கம். நீண்டகால மருத்துவமனைப் படுக்கைக்கு வந்து சேரும் பெண் பெரும்பாலும் மிகக் கடுமையாக நோயுற்றவள். ஆணைப் பொறுத்தவரை வன்முறை பற்றிய அச்சமே அவனை முன்னதாக உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. எனவே நீண்டகால வார்டில் எடுக்கும் ஒப்பீட்டில் பெண்ணின் நிலை மோசமாகத் தெரியும். புறநோயாளர் பிரிவில் எடுத்தால் கல்வியை முடித்து, தாமதமாக நோயுற்ற பெண்கள் அதிகம் இருப்பார்கள். அங்கே ஆணின் நிலை மோசமாகத் தெரியும்.

இரண்டாவது, யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்பது. நலமாக இருக்கும் மக்களிடமே சிறு வேறுபாடுகள் உண்டு: வாய்மொழி நினைவிலும் குறியீடுகளை விரைந்து எழுதுவதிலும் பெண்கள் சராசரியில் சற்று முன்னே, ஓர் உருவத்தை மனத்துக்குள் சுழற்றிப் பார்ப்பதில் ஆண்கள் சற்று முன்னே. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு. நலமுள்ள பெண்கள் பத்துச் சொல், நலமுள்ள ஆண்கள் ஒன்பது சொல் நினைவு வைக்கிறார்கள். நோயுற்ற பெண்கள் ஏழு, நோயுற்ற ஆண்கள் ஆறு என்று வைத்துக்கொள்வோம். நோயாளரை மட்டும் பார்த்தால் ‘பெண்கள் மேல்’ என்று எழுதத் தோன்றும். ஆனால் நோய் இருவரிடமிருந்தும் பறித்தது மூன்று மூன்று சொற்களே. நோய்க்கு முன்பே இருந்த ஒரு சொல் வேறுபாடு நோய்க்குப் பின்னும் அப்படியே நிற்கிறது, அவ்வளவுதான். நலமுள்ள ஒப்பீட்டுக் குழு இல்லாமல், அல்லது இருபாலரையும் கலந்த ஒரே பொது அளவுகோலை வைத்து வெளியான கட்டுரைகளில், நோய் பறித்ததற்கும் முன்பே இருந்த வேறுபாட்டுக்கும் இடையிலான எல்லை கரைந்துபோனது.

2000க்குப் பின் சோதனைத் தொகுப்புகள் தரப்படுத்தப்பட்டன. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் முயற்சியில் ஏழு அறிதிறன் துறைகளைப் பத்துச் சோதனைகளால் அளக்கும் ‘மேட்ரிக்ஸ்’ தொகுப்பு உருவானது. சமூக அறிதலும் அந்த ஏழில் ஒன்று. சீனாவிலிருந்து பெரிய எண்ணிக்கையிலான தரவுகள் வரத் தொடங்கின. 2012இல் பெய்ஜிங் ஆய்வாளர்கள் நாட்பட்ட நோயாளரை நலமுள்ளோரோடு ஒப்பிட்டு, உடனடி நினைவிலும் சற்றுக் கழித்து நினைவுகூர்வதிலும் ஆண்களுக்குக் குறைவு கூடுதல் என்றும், மொழி, கவனம், இடவுணர்வு ஆகியவற்றில் அப்படி வேறுபாடு இல்லை என்றும் கண்டார்கள். கனடாவில் அட்ரியானா மென்ட்ரெக் குழு வேறு கோணத்தில் பார்த்தது. உருவத்தை மனத்துக்குள் சுழற்றும்போது நலமுள்ள ஆண்–பெண் மூளைகளில் தென்படும் செயல்பாட்டு வேறுபாடு, நோயாளரிடம் தலைகீழாகத் தெரிந்தது. நோய், ஆண்–பெண் வேறுபாட்டை எல்லா இடத்திலும் அப்படியே விட்டுவைப்பதில்லை என்பதற்கு இது சான்று. என் கற்பனைக் கணக்கின் எல்லையையும் இது காட்டுகிறது.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நான் வந்தடையும் முடிவு இது. மனச்சிதைவில் அறிதிறன் இருபாலருக்கும் பெரிய அளவில் பாதிக்கப்படுகிறது. அந்தப் பாதிப்போடு வைத்துப் பார்த்தால் ஆண்–பெண் வேறுபாடு சிறியது. வாய்மொழி நினைவில் அது ஓரளவு நிலையாகத் தென்படுகிறது, மற்றவற்றில் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ‘பெண்களுக்கு லேசாகத்தான் வரும்’ என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

ஈஸ்ட்ரோஜன் என்ற நம்பிக்கை

மாதவிடாய்க்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பை வியன்னாவின் கிராஃப்ட்-எபிங் 1902இலேயே ஒரு நூலாக எழுதினார். ஹாஃப்னர் குழு எலிகளில் செய்த சோதனை அதற்கு வேதியியல் வடிவம் தந்தது: ஈஸ்ட்ரோஜன், மூளையின் டோபமைன் ஏற்பிகளின் உணர்திறனைத் தணிக்கிறது. 1990இல் சீமனும் லாங்கும் எழுதிய கட்டுரை, பெண்களை ஒரு காலம்வரை காப்பது ஈஸ்ட்ரோஜன்தான் என்ற கருதுகோளை முழுமையாக முன்வைத்தது. 2001இல் ஹாஃப் குழு, ஈஸ்ட்ரோஜன் அளவு கூடுதலாக இருந்த பெண் நோயாளர் நினைவு உள்ளிட்ட சோதனைகளில் மேம்பட்டிருந்ததைக் கண்டது.

மெல்போர்னில் ஜெயஸ்ரீ குல்கர்னி இதைச் சிகிச்சையாக்கிப் பார்த்தார். 2008இல் வெளியான அவரது ஆய்வில், 102 பெண்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருந்தோடு 100 மைக்ரோகிராம் ஈஸ்ட்ராடியால் தோல்பட்டை 28 நாட்கள் தரப்பட்டது; மாயக்குரல் போன்ற அறிகுறிகள் கூடுதலாகத் தணிந்தன. 2019இல் மார்க் வைசர் குழு 200 பெண்களிடம் செய்த சோதனையும் அறிகுறிகளில் பலன் காட்டியது, குறிப்பாக முப்பத்தெட்டு வயதைக் கடந்தவர்களிடம். இவை அறிகுறிகளைப் பற்றிய முடிவுகள். நினைவாற்றலைப் பற்றியவை என்று நீட்டிச் சொல்வது தவறு. அறிதிறனுக்கு நேரடிச் சான்று தந்தது சிட்னியில் தாமஸ் வைகெர்ட், சிந்தியா ஷானன் வைகெர்ட் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு. எலும்புத் தேய்வுக்குத் தரப்படும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் செயல்படும் ரலாக்சிஃபீன் மாத்திரை நாளுக்கு 120 மில்லிகிராம் தரப்பட்டபோது, நினைவும் கவனமும் மேம்பட்டன. பங்கேற்றவர்களில் ஆண்களும் இருந்தார்கள். பெண்களைக் காப்பதாக எண்ணப்பட்ட வழி ஆண்களுக்கும் திறந்திருக்கிறது என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி.

ஆனால் 2017இல் வைசர் குழு, மாதவிடாய் நின்ற, கடுமையாக நோயுற்ற 200 பெண்களுக்கு அதே மாத்திரையைத் தந்தபோது, வெற்று மாத்திரை பெற்றவர்களே அறிகுறிகளில் மேம்பட்டிருந்தார்கள். 2003இல் வெளியான அமெரிக்கப் பெண்கள் நல ஆய்வோ, 65 வயதைக் கடந்த நலமுள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன்–புரோஜஸ்டின் கூட்டு மருந்து மறதிநோய் ஆபத்தைக் கூட்டியதாக முன்பே எச்சரித்திருந்தது. எந்த வயதில், நோயின் எந்தக் கட்டத்தில் என்பதே இங்கு எல்லாமுமாகிறது. இன்னொன்றையும் மறக்கக்கூடாது: ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் புரோலாக்டினை உயர்த்தி, அதன்வழி ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கக்கூடும். மாதவிடாய் நின்றுபோனதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படும் பெண், தன் நினைவு மங்குவதற்கான ஒரு காரணத்தையும் சேர்த்தே மறைக்கிறாள்.

நம் மண்ணில் இக்கேள்வி

தமிழ்நாட்டுக்கு இந்த வரலாற்றில் சொந்தமான ஒரு பக்கம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் சென்னையில் முதல்முறை நோயுற்ற 90 பேரைச் சேர்த்து, பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்தது ‘மெட்ராஸ் நெடுங்கால ஆய்வு’. 1984இல் மருத்துவர் சாரதா மேனன் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்போடு அந்தப் பணி இணைந்து வளர்ந்தது. ஆர். தாராவும் எஸ். ராஜ்குமாரும் 1992இல் இத்தகைய பின்தொடர்தலிலிருந்து ஆண்–பெண் வேறுபாடுகளைத் தனியாக எடுத்து எழுதினார்கள். 2003இல் தாரா குழு, மணவாழ்வு முறிந்த பெண் நோயாளரைப் பற்றி எழுதிய கட்டுரைகள், பெற்றோர் வீட்டுக்குத் திரும்பிய அந்தப் பெண்களின் இரட்டைச் சுமையைப் பதிவு செய்தன.

1998இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முடிவு, மன்ஹைம் அடித்தளத்தையே அசைத்தது: பெண்களுக்குத் தாமதமாக நோய் வரும் என்ற மேலைநாட்டு ஒழுங்கு இந்தியத் தரவில் அதேபோல் தென்படவில்லை. அந்தத் தாமதம் இங்கே இல்லையென்றால், அதன்மேல் எழுப்பப்பட்ட படிப்பு, வேலை, திருமணம் பற்றிய விளக்கங்களும் நமக்கு அப்படியே பொருந்தா.

கல்வியின் கணக்கும் இங்கே வேறு. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஏழு வயதுக்கு மேற்பட்ட இந்திய ஆண்களில் சுமார் 56 சதவீதமும், பெண்களில் சுமார் 30 சதவீதமுமே எழுத்தறிந்தவர்கள். அன்று சிறுமியராக இருந்தவர்கள் இன்று ஐம்பதுகளில் இருக்கிறார்கள். நாட்பட்ட நோயாளராக நம் மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். தொண்ணூறு நொடிக்குள் குறியீடுகளுக்கு எதிரே எண்களை எழுதச் சொல்லும் சோதனையை, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அதன்பின் பென்சிலையே தொடாத பெண்ணிடம் கொடுத்தால் நாம் அளப்பது மூளையின் வேகத்தையா, கை மறந்த எழுத்துப் பழக்கத்தையா?

சொற்பட்டியலிலும் சிக்கல் உண்டு. பழைய பிரெஞ்சுச் சோதனையொன்றின் ஆங்கில வடிவம் மேளம், திரைச்சீலை, மணி, காப்பி என்று தொடங்கும். அதில் தொப்பியும் வரும். மொழிபெயர்ப்பவர் ‘மேளம்’ என்று போடாமல் ‘முரசு’ என்று போட்டால், பள்ளியில் செய்யுள் படித்தவருக்கு அது நினைவில் நிற்கும். படிக்காதவருக்கு அது வெறும் ஒலி. காப்பி எல்லோர் வாயிலும் இருக்கும் சொல். தொப்பி நம் ஊர்ப் பெண்ணின் அன்றாடத்தில் இல்லாத பொருள். பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் இவ்வளவு தொலைவு உள்ள தமிழில், பட்டியலைத் தேர்வதிலேயே படித்தவருக்குச் சாதகம் புகுந்துவிடுகிறது. படித்தவர் ஆணாகவும் படிக்காதவர் பெண்ணாகவும் இருக்கும் தலைமுறையில், அந்தச் சாதகம் ஆண்–பெண் வேறுபாடாக அச்சேறும். நிம்ஹான்ஸ் 2004இல் வெளியிட்ட நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பு வயது, கல்வி, பால் வாரியாக இந்திய அளவுகோல்களைத் தந்தது இதனால்தான் அரிய பணி.

சோதனை அறைக்கு வெளியே விளைவு இன்னும் நேரடியானது. 1996இல் மைக்கேல் கிரீன் காட்டியபடி, வேலையும் சமூக வாழ்வும் எப்படி அமையும் என்பதோடு வாய்மொழி நினைவு நெருங்கிய தொடர்புடையது. ஓர் ஆண் வேலையை இழந்தால் குடும்பம் உடனே அறியும். ஒரு பெண் குழம்பில் இரண்டு முறை உப்புப் போடுகிறாள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர மறக்கிறாள், பால்காரருக்குக் கொடுத்த கணக்கைத் தவறவிடுகிறாள் என்றால் அது நோயாகப் படுவதில்லை. ‘பொறுப்பில்லாதவள்’ என்ற ஏச்சாகிறது. மனநோய் மருந்தால் வரும் கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் தரப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையே நினைவை மங்கச் செய்யக்கூடியது என்பதை அந்த வீட்டில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த ஏச்சு மணமுறிவு வரை போகிறது. கவனம், நினைவு, திட்டமிடல் என்று ஆய்வேட்டில் நாம் பிரித்து எழுதும் திறன்கள் அவளிடம் கேட்கப்படுவது அடுப்படியில்தான்.

ஆகவே தமிழ் பேசும் நோயாளரிடம் இனி ஆய்வு செய்யப்போகும் மனநல மருத்துவர்களையும் உளவியலாளர்களையும் முதுநிலை மாணவர்களையும் இக்கட்டுரை கேட்டுக்கொள்வது இதுவே. ஆண், பெண் மதிப்பெண்களைத் தனித்தனியே வெளியிடுங்கள். ஒவ்வொரு பாலரையும், அதே வயதும் அதே பள்ளிப்படிப்பும் உள்ள நலமான தமிழ் ஆண்களோடும் பெண்களோடும் ஒப்பிடுங்கள். பெண் நோயாளரிடம் மாதவிடாய் பற்றிக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொற்பட்டியலை, சோதனைக்கு முன் ஒருமுறை, பள்ளிக்கே போகாத ஒரு பெண்ணிடம் வாசித்துக் காட்டுங்கள்.